பத்து கிலோவுக்குக் கீழே

பாவாயி பேசத் தொடங்கிய முதல் வியாழக்கிழமை எங்கள் ஊரில் ஒரு சேவலின் தலை போனது. காலை பத்தரை மணிக்கு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாலுகா ஆஸ்பத்திரியின் ஒன்பதாம் நம்பர் அறையில் அவள் வாயைத் திறந்த அதே நேரத்தில், இங்கே பூட்டிக் கிடந்த அவள் வீட்டுக்குள் பதினான்கு வருடமாகச் சும்மா நின்ற கல்லிலிருந்து புளியங்கொட்டை அளவில் ஒரு சில்லு தெறித்து, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பறந்து வந்து, பக்கத்து வீட்டு ராசாமணியின் சேவலை அது கூவிக்கொண்டிருந்தபோதே கழுத்தோடு சீவிவிட்டுப் போனது. தலையில்லாத சேவல் வாசலை மூன்று சுற்றுச் சுற்றி, காயப் போட்டிருந்த வடகத்தின்மேல் ரத்தத்தைப் பீய்ச்சிவிட்டு விழுந்தது. ராசாமணி சேவலைக் குழம்பு வைத்தாள், வடகத்தைத் தூக்கிப் போட்டாள், மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கிய பாவாயிக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிட்டு, "அங்க என்ன பேசுன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க்கா. எத்தன வருசமா இப்புடி இருக்கறீங்கன்னு கேட்டாங்க. எப்புடீன்னு நான் கேட்டனுங்க. அவ்ளோதான்."

எங்கள் ஊர் முறிகரடு. இரண்டு குவாரி, மூன்று கிரஷர், ஒரு எடைமேடை. எடைமேடைப் பச்சமுத்து என்றால் நான்தான். ஊரை விட்டுப் போகிற ஒவ்வொரு ஜல்லி லாரியும் என் மேடையில் ஏறி இறங்கித்தான் போகும், இருபது வருடத்தில் என் எடையை எதிர்த்து ஒருத்தர் வாய் திறந்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இந்தக் கதையில் கெட்டதில் பாதி அந்தக் கர்வத்தால் கெட்டது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பாவாயி வீடு கூட்டும்போது கொண்டைக்கடலை அளவில் ஒரு கல் தரையோடு ஒட்டிக் கிடந்தது, விளக்குமாறுக்கு அசையவில்லை, அவள் அதைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு சமைக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு வெங்காயத் தோல் கனம் அது வளர்ந்தது. முழங்கால் உயரம் வந்தபோது அவள் மகள் அதன்மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதினாள், இடுப்பு உயரம் வந்தபோது அந்த மகள் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போயிருந்தாள், பாவாயியின் புருஷன் செங்கோடன் அதன்மேல் சட்டையைக் கழற்றிப் போடப் பழகியிருந்தான். கோயிலார் வந்து மஞ்சள் பூசிப் பார்த்தார்கள், கல்லில் எண்ணெய்ச் சிக்கு நாறியதும் விட்டுவிட்டார்கள். கனிமம் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்து, வீட்டுக்குள் விளைந்த கல்லுக்குத் தன்னிடம் படிவம் இல்லை என்று சொல்லி, ஒரு மோர் குடித்துவிட்டுப் போனார். அது பாவாயியின் கல் என்று எங்களுக்குத் தெரியும். பாவாயிக்கு என்ன என்றுதான் தெரியாது.

அவள் அழமாட்டாள், அதுதான் சிக்கல். அழுகிறவளுக்கு என்ன செய்வது என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும். இவள் சமைப்பாள், துவைப்பாள், ஓட்டுப் போடுவாள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் சிரிப்பாள். என்ன சேலை எடுக்கட்டும் என்றால் "எதாச்சும் எடுங்க" என்பாள், சோறு போடட்டுமா என்றால் "போடுங்க" என்பாள், போடாவிட்டால் கேட்கமாட்டாள். குடிக்காத புருஷன், நல்ல இடத்தில் மகள், ஓட்டை இல்லாத கூரை. காரணம் தேடி நாங்கள் அலுத்துப் போனோம், காரணம் இல்லாத துக்கத்தின்மேல் எங்களுக்குக் கொஞ்சம் கோபமே இருந்தது. முட்டி வலிக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில்தான் டாக்டர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, 'நீடித்த, லேசான மனச்சோர்வு' என்று சீட்டில் எழுதி ஒன்பதாம் அறைக்கு அனுப்பினார். அங்கே ஜெசிந்தா என்று ஒரு சின்ன வயதுப் பெண், பேசிப் பேசியே குணம் பார்க்கிறவள். பதினாறு வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

"லேசுன்னு டாக்டரே எழுதியிருக்காரு, இதுக்குப் பதினாறு வாரமா?" என்றார் குவாரி மேஸ்திரி நாச்சிமுத்து. அவர் குரலைக் கேட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள்.

இரண்டாவது வியாழன் பாவாயி வீட்டுக் கண்ணாடி போனது, நிலைப்படியில் விரல் நீளத்துக்கு ஒரு சில்லு குத்தி நின்றது. ஒரு ஜன்னலைச் சாத்தி, முன்னால் ஒரு இரும்புத் தகட்டை நிறுத்தியிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். நாங்கள் கல்லுடைக்கிற ஊர், எங்களுக்கு எதையும் வெளியே எடுத்துப் போட்டு நிறுத்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். முன்சுவரை இடித்தோம், சங்கிலி கட்டித் தூக்கி டிராக்டர் டிரெய்லரில் கல்லை ஏற்றினோம், என் மேடையில் நிறுத்தோம், டிரெய்லர் எடையைக் கழித்தால் அறுநூற்று நாற்பது கிலோ. பேச்சினால் கல் குறைகிறதா இல்லையா என்று வெள்ளிக்கிழமைதோறும் நிறுத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று, அதற்குத் தோதாக டிரெய்லரைத் தெருமுனை வேப்பமரத்தடியில், நாலு பக்கமும் வெட்டவெளியாகக் கிடக்கிற இடத்தில், நிறுத்தி வைத்தோம். அந்த இடத்தைச் சொன்னவனும் நான்தான்.

மூன்றாவது வியாழன் ராசாமணியின் புருஷனுக்குக் காது மடல் கிழிந்தது. நாலாவது வியாழன் மேஸ்திரிக்கு முன்பல் இரண்டு போனது, அவர் பல்லையும் சில்லையும் ஒன்றாகத் துப்பினார். ஊருக்குப் பழகிப் போக எத்தனை நாள் ஆகும்? குவாரியில் வெடி வைக்குமுன் மூன்று சங்கு ஊதிச் சிவப்புக் கொடி ஏற்றுவது வழக்கம், அதையே பாவாயிக்கும் செய்தோம். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று கணக்கு வைத்து முதல் சங்கு, பத்தே காலுக்கு இரண்டாவது, பத்தரைக்கு மூன்றாவது. பள்ளிப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போனார்கள், பெண்கள் தலையில் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு பருப்பு தாளித்தார்கள், டவுன் பஸ் பாலத்திலேயே நின்று பதினொன்றரைக்குத்தான் ஊருக்குள் வந்தது, வியாழனில் முகூர்த்தம் வைப்பதை விட்டோம். பதினொன்றரைக்கு வெளியே வந்து சில்லுகளைப் பொறுக்கி, நாங்கள் ஜல்லியைச் சொல்கிற அதே அளவில் சொல்லிக்கொண்டோம்: இந்த வாரம் அரை இஞ்சு பேசியிருக்கிறாள், இந்த வாரம் முக்கால் இஞ்சு.

அதற்குள் ஒரு நம்பிக்கையும் கிளம்பிவிட்டது. சில்லு யார்மேல் பட்டதோ அவரைப் பற்றித்தான் பாவாயி அன்றைக்கு அந்த அறையில் பேசியிருக்கிறாள் என்று. யார் முதலில் சொன்னது தெரியாது, ஆனால் சொன்ன நிமிஷத்திலிருந்து அது சட்டமாயிற்று. கிழிந்த காதோடு வந்த புருஷனை ராசாமணி உலக்கையால் முதுகில் போட்டாள், என்ன செய்தாய் அவளை என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள், அவன் அடி தாங்காமல், பத்து வருடம் முன்பு பாவாயி சிரித்ததைப் பார்த்து 'இப்பத்தான் கேட்டுச்சாக்கும்' என்று கிண்டல் பண்ணியதை ஒப்புக்கொண்டான், அதற்கு இரண்டு சேர்த்து வாங்கினான். ஐந்தாவது வியாழன் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு அண்ணன் தம்பியில் அண்ணனுக்கு நெற்றி பிளந்தது, தம்பி பல வருட வன்மத்தையும் அதில் சேர்த்துக் கடப்பாரையால் அண்ணன் கையை முழங்கைக்குக் கீழே முறித்தான், ஊரே நின்று பார்த்தது, கல்லே சொல்லிவிட்ட பிறகு நாம் என்ன சொல்ல என்று ஒருத்தரும் விலக்கவில்லை. காயம் பட்டவன் குற்றவாளி, படாதவன் யோக்கியன். எனக்குப் படவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

செங்கோடனுக்கும் படவில்லை. அவன் குவாரியின் வெடிக்காரன், பாறையில் குழி போட்டு வெடிமருந்துத் தோட்டாவை இறக்கித் திரி கொடுக்கிறவன், இருபத்திரண்டு வருடத் தொழிலில் பத்து விரலும் முழுசாக வைத்திருக்கிறவன். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தான். நாலாவது வாரம் மூன்றாம் சங்கு ஊதியதும் சட்டையைக் கழற்றிவிட்டு டிரெய்லருக்கு நாலடி முன்னால் போய் நின்றான். சில்லுகள் அவன் இடுப்போரமாக, அக்குள் வழியாக, காதுக்குப் பக்கமாகச் சீறிப் போய் அடுத்தவன் வீட்டு ஓட்டை உடைத்தன, அவன்மேல் ஒரு தூசி ஒட்டவில்லை. ஐந்தாவது வாரமும் நின்றான், ஆறாவது வாரமும் நின்றான். எங்களுக்கு அது பொறாமையாக இருந்தது. ஏழாவது வாரம் சட்டையைப் போட்டுக்கொண்டு என் மேடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"நல்ல மனுசன்டா நீ, ஒரு சில்லு உம்பக்கம் வரல" என்றேன்.

"ஏழு வாரமா பேசறா பச்சமுத்து. சேவலப் பத்திப் பேசறா, மேஸ்திரியப் பத்திப் பேசறா, எவன் எவனப் பத்தியோ பேசறா. இருவத்தி மூணு வருசமா ஒரே பாயில படுக்கறவனப் பத்தி அவளுக்குச் சொல்ல ஒண்ணுமில்ல பாரு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் வெள்ளிக்கிழமை எடையைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிரஷர் கொட்டகையில் ஊர் கூடியது. கட்டுப் போட்ட கை, தையல் போட்ட நெற்றி, துணி சுற்றிய தலை என்று பாதிக் கூட்டம் போர்க்களத்திலிருந்து வந்தது மாதிரி இருந்தது. பாவாயி பெண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கேள்வி ஒன்றே ஒன்றுதான், அவள் பேசப் போவதால் அவளுக்குக் குணமா இல்லையா. குணமென்றால் மிச்சமுள்ள வியாழன்களையும் பொறுத்துக்கொள்வது, இல்லையென்றால் நிறுத்திவிடுவது.

"பதினாலு வருசம் அந்தப் புள்ள வாயத் தொறக்கல, ஊருல ஒரு எலி சாவல. ஏழு வாரம் பேசுனா, என் பல்லு ரெண்டு போச்சு" என்றார் மேஸ்திரி. பல் போனதால் காற்று வந்தது, சிரிக்க யாருக்கும் தைரியமில்லை. "பச்சமுத்து, எடையச் சொல்லு."

நான் எழுந்து நின்று, இருபது வருடம் என்னை யாரும் எதிர்க்காத அதே குரலில் சொன்னேன். "மொத வெள்ளி அறநூத்தி நாப்பது. முந்தாநேத்து வெள்ளி அறநூத்தி நாப்பது. ஒரு கிலோ கொறையலீங்க."

பாவாயி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன், யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

"உனக்கே எப்புடி இருக்குதம்மிணி, அதச் சொல்லு" என்றாள் ராசாமணி.

பாவாயி ராசாமணியைப் பார்த்துச் சொன்னாள். "தெரியலீங்க்கா. போன வாரம் ஆஸ்பத்திரி முன்னால கத்தரிக்கா வாங்குனேன். எப்பவும் அவங்க அள்ளிப் போடறத வாங்கிட்டு வந்துருவேன். அன்னிக்கு, அந்தக் கூடையில இருந்த ஊதாக் கத்தரிக்கா நல்லா இருக்கற மாதிரி தோணுச்சுங்க."

"அப்பறம்?"

"அவ்ளோதானுங்க. தோணுச்சு."

கூட்டம் சிரித்தது. நெற்றி பிளந்தவன்கூட வலியோடு சிரித்தான். இதற்குத்தானா இத்தனை ரத்தம் என்றார்கள். செங்கோடன் எழுந்து, கல்லை நான் வெடித்துவிடுகிறேன், ஒரே வெடி, அத்தோடு எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம் என்றான். எல்லோருக்கும் அது பிடித்துப் போயிற்று. கல்லைக் கண்டால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அவன் பாவாயியைப் பார்த்து, "வெடிச்சுறட்டுமா?" என்று கேட்டான்.

"உங்க இஷ்டமுங்க" என்றாள்.

திங்கட்கிழமை கல்லைக் குவாரிக் குழிக்குள் இறக்கினோம். செங்கோடன் மூன்று குழி போட்டான், குழிக்கு மூன்று தோட்டா, ஒன்பது தோட்டா ஒரு வீட்டையே தூக்கிப் போடும். சங்கு ஊதியது, அறுபதடி தள்ளியிருந்த இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்து வெடி வயரைப் பேட்டரியில் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டான். ஒரு குருவி வந்து கல்லின்மேல் உட்கார்ந்து எச்சம் போட்டுவிட்டுப் போனது.

வெடிக்காத தோட்டாவுக்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. அதே குழியை நோண்டக் கூடாது, இழுக்கக் கூடாது. வைத்தவனே போய்ப் பக்கத்தில் புதுக் குழி போட்டு வெடிக்க வேண்டும். தீரும்வரை வேறு யாரும் கிட்டப் போகக் கூடாது. செங்கோடன் அரை மணி கழித்துப் போய்ப் புதுக் குழி போட்டான், துளைக்கிற கம்பி முறிந்து அவன் காதோரம் பறந்தது. இன்னொரு கம்பி, அதுவும் முறிந்தது. பொறுமை போன மேஸ்திரி சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு, தோட்டா இருக்கிற கல்லை அடிக்கவே ஓடினார். நாங்கள் எல்லோரும் வெளிப்பக்கம் ஓடினோம், செங்கோடன் மட்டும் அவரைப் பாய்ந்து மறித்து, ஹெல்மெட்டால் முகத்தில் குத்தினான், விழுந்தவர்மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி மறுபடி குத்தினான், நாலு பேர் திரும்பி ஓடி வந்து பிரிக்கும்போது மேஸ்திரியின் மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் குழிகளின் வாய்மேல் தோல் மூடியிருந்தது. கல் ஒன்பது தோட்டாவை உள்ளே வைத்துக்கொண்டு மறுபடி வளர ஆரம்பித்திருந்தது.

உயிர்த் தோட்டா நிற்கிற குவாரியில் எவனும் வேலை செய்யமாட்டான். குவாரி நின்றது, கிரஷர் நின்றது, என் மேடையில் ஓணான் படுத்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: அந்தக் கல் இதுவரை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் உடைந்திருக்கிறது. பேசாதே என்று சொன்ன வாயாலேயே போய்ப் பேசு என்று சொன்னோம். பாவாயி போகவில்லை. மறுத்துச் சொல்லவும் இல்லை. வியாழக்கிழமை பஸ் வந்தது, நின்றது, போனது, அவள் வீட்டுக்குள் தரையில் கல் நின்ற பள்ளத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று எடைக்காரனே சொன்ன பிறகு ஒருத்தி எதற்காகப் பஸ் ஏறுவாள்?

இரண்டாவது வியாழனும் அவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்சுவர் இடித்த வீடு, கோணி மட்டும்தான் தொங்கியது. முதலில் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு யாரோ ஒருவன் ஒரு ஜல்லியை எடுத்துக் கூரைமேல் எறிந்தான். பேசு. இன்னொருவன் எறிந்தான். பேசு. எங்கள் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை, கை குறி தவறாது. ஓடு நொறுங்கியது, பானை உடைந்தது, முக்கால் இஞ்சு, ஒன்றரை இஞ்சு, கட்டுப் போட்ட கையால்கூட ஒருவன் எறிந்தான், பேசு, பேசு என்று ஊரே ஒரு தாளத்தில் கத்தியது, உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. செங்கோடன் கோணிக்கு முன்னால் கையை விரித்து நின்றான். எங்கள் கற்களும் அவன்மேல் படவில்லை, எல்லாம் உள்ளே போயின. நானும் எறிந்தேன். ஒன்று. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அப்போதுதான் வியாழன் வழக்கப்படி பாலத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் நடந்து வந்தாள், தோளில் பை, கையில் குடை. இரண்டு வாரமாக வராத ஆளைத் தேடி வந்த ஜெசிந்தா அவள்தான். கூட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நேராகப் புகுந்தாள், யாரோ எறிந்த கல் அவள் புருவத்தைப் பிளந்தது, ரத்தம் கண்ணில் இறங்க இறங்க நின்று எங்களைப் பார்த்தாள். கைகள் நின்றன.

"எதுக்குங்க அடிக்கறீங்க?"

"பேசுனா கொணமில்லீங்க டாக்டரம்மா" என்றேன். "நான் நிறுத்துப் பாத்தேன். ஏழு வாரத்துல ஒரு கிலோ கொறையல."

"எதுல நிறுத்தீங்க?"

"எடைமேடையிலங்க. லாரி நிறுக்கறது."

குடையை மடக்கி இடுக்கிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள். "அதுல ஒரு கிலோ கொறஞ்சா காட்டுமா?"

என் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும். அறுநூற்று நாற்பத்து நாலு என்றாலும் நாற்பது, முப்பத்தாறு என்றாலும் நாற்பது. இருபது டன் லாரிக்கு அது போதும், இருபது வருடமாகப் போதுமாக இருந்தது. நான் போய் ரேஷன் கடைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ராசாமணி வீடு வீடாகப் போய், ஓட்டிலும் சுவரிலும் மாட்டுத் தொட்டியிலும் கிடந்த சில்லுகளை ஒரு வாளியில் பொறுக்கி வந்தாள், மேஸ்திரி ஜோபியில் வைத்திருந்த தன் சில்லை எடுத்துப் போட்டார். எட்டு கிலோ. தினமும் ஒரு தோல் ஏறுகிற கல் அந்த ஏழு வாரத்தில் ஏறாமலும் நின்றிருக்கிறது, அதையும் நாங்கள் குறையவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

கோணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பாவாயி ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவில், தோளில் ரத்தத்தோடு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நான் சொன்னது தப்பு கண்ணு. கொறஞ்சுருக்குது. எட்டு கிலோ. என் மேடைக்கு அது தெரியல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் சுவரைப் பார்த்தபடியே, "எட்டுக் கிலோன்னா எத்தனைங்கண்ணா? ஒரு கொடம் தண்ணி இருக்குமா?" என்று கேட்டாள்.

"முக்காக் கொடம் இருக்கும்."

"முக்காக் கொடம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். பேச்சு எல்லோருக்கும் உதவும் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது, முதலில் ரணமாகத்தான் இருக்கும், பாதி தூரமாவது போனால்தான் சொல்ல முடியும், ஆனால் அதற்கு ஒரு கதவு சாத்திய அறை வேண்டும், இந்த ஊர் வேண்டாம் என்றாள். பாவாயி தலையாட்டினாள். "அடுத்த வாரம் அங்க வர்றனுங்க. இன்னிக்கு அந்தத் தோட்டாவத் தீக்கோணும். அது அவரு வெச்சது. வெச்சவருதான் போகோணும், அதான மொற? அவரு எங்கூடக் குவாரிக்கு வந்து உக்காந்து கேக்கட்டும்" என்றாள். செங்கோடன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஜெசிந்தா இரண்டு முறை தடுத்துப் பார்த்தாள். மூன்றாவது முறை, "தலைக்கு எதாச்சும் போட்டுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள்.

பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு மூன்று சங்கும் ஊதியது. ஊர் முழுக்க மண்மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டோம். கீழே குவாரிக் குழிக்குள் வெள்ளை வெயிலில் கல் நின்றது, அறுபதடி தள்ளி இரும்புக் கூண்டுக்குள் அவர்கள் இரண்டு பேரும் முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் பேசினாள். எங்களுக்குக் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவன் ஒருமுறை எழப் பார்த்தான், அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். கல்லிலிருந்து அரை இஞ்சு பறந்தது, முக்கால் பறந்தது, தலை அளவு ஒன்று பறந்து பாறையில் மோதித் தூளாயிற்று, கூண்டின் தகடு மேளம் மாதிரி அடிபட்டது, அவள் நிறுத்தவில்லை. அவன் தலை மெதுவாகக் குனிந்தது. அவன் என்னவோ கேட்டான், அவள் அதற்குப் பதில் சொன்னாள், அந்தப் பதிலின் நடுவில் ஒன்பது தோட்டாவும் ஒன்றாக வெடித்தன.

பாறைக் கரடே குலுங்கியது. புகை அடங்கி நாங்கள் இறங்கி ஓடியபோது கூண்டின் முன்தகடு தாளாகக் கிழிந்து மேலே சுருண்டிருந்தது. பாவாயி நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். செங்கோடனின் இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கழுத்தில் இறங்கியது, இடது தோளுக்குக் கீழே அரை சாண் நீளத்தில் ஒரு சில்லு குத்தி நின்றது. பிடுங்கப் போன கையை அவன் தட்டிவிட்டான். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, குழந்தை மாதிரி அழுதான்.

"என்ன சொன்னா? யாரப் பத்திச் சொன்னா?" என்று மேஸ்திரி அவன் முகத்துக்கு நேரே கத்தினார். செங்கோடன் அவர் வாயைப் பார்த்தான். அவனுக்கு இனி எதுவும் கேட்காது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் சொன்னதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான், அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை. அவளைக் கேட்க ஒருத்தருக்கும் முகமில்லை.

கல் நின்ற இடத்தில் தேங்காயை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கல் மிச்சமிருந்தது. ரேஷன் தராசில் பதினொரு கிலோ. இதையும் போட்டு உடைத்துவிடலாம் என்று ஒருவன் சம்மட்டியை எடுத்தான், ஜெசிந்தா அவனைப் பார்த்த பார்வையில் கீழே வைத்தான். பாவாயி குனிந்து அதைத் தூக்கி, தண்ணீர்க் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க மேட்டில் ஏறி வீட்டுக்குப் போனாள். நடுவில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள்.

அடுத்த வியாழன் அவர்கள் போன பஸ்ஸில் நானும் போனேன், கிராம் காட்டுகிற ஒரு சின்னத் தராசு வாங்க வேண்டியிருந்தது. செங்கோடன் தோளில் கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்திருந்தான். ஒன்பதாம் அறைக்கு அவள் கல்லில்லாமல் போனாள், அவன் வெளி பெஞ்சில் அதை வைத்துக்கொண்டு காத்திருந்தான், நடுவில் மடியில் டப்பென்று ஒரு சில்லு தெறித்து அவன் கட்டைவிரலைக் கீறியது, அவன் விரலைச் சப்பிக்கொண்டு சிரித்தான். முடிந்து வெளியே வந்ததும் பாவாயி கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கூடைக்காரி வழக்கம்போல இரண்டு கையாலும் அள்ளித் தட்டில் போட்டாள். பாவாயி அதிலிருந்து ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்த்து, கூடையிலேயே திரும்பப் போட்டாள்.

"இது வேண்டாங்க" என்றாள். இன்னொன்றை எடுத்தாள். "இதுவும் வேண்டாம்."

பதினான்கு வருடத்தில் அவள் எதையாவது வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. செங்கோடனுக்குக் கேட்கவில்லை. அவன் கல்லை மடியில் அணைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.